சண்டைக்கு ஆள் வராத மனை

என் ஆசை அக்கா, சண்டைக்காரி அஞ்சலைக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் நான் ஒரு காலி மனைக்குக் காவல் இருந்தேன். மனை எங்கே என்று கேட்காதே. என் போனுக்குள்ளே இருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் மீன் வெட்டும் கட்டைக்குப் பக்கத்தில், ஐஸ் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கண் மீன்மேல், ஒரு கண் மனைமேல். விரல் தப்பியது உன் புண்ணியம்.

சிரிக்காதே. எல்லாம் உன் மகள் பார்த்த வேலை.

தேவி இப்போது தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு, பெரும்பாக்கத்துக்கு பஸ் ஏறி, எட்டு மாடி ஏறி வந்ததும் போனைப் பிடித்துக்கொள்வாள். யாரோ ஒரு பையனோடு பேசுகிறாள் என்று நானும் சந்தோஷமாக இருந்தேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தால் பையனும் இல்லை, கியனும் இல்லை. ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.

“இன்னாடி இது?”

“இது ஒரு ஊரு, சித்தி. கம்ப்யூட்டருக்குள்ளயே கீது. இங்க எடம் வாங்கலாம், வூடு கட்டலாம். நான் ஒரு சின்ன மனை வாங்கிட்டேன்.”

“நிஜத் துட்டுக்கா?”

“பின்ன, புளியங்கொட்டைக்கா?”

போனை வாங்கி உற்றுப் பார்த்தேன். அந்த ஆற்றில் ஒரு பிளாஸ்டிக் கவர்கூட மிதக்கவில்லை, அக்கா. ஒரு செத்த எலி இல்லை. கரையில் ஒருத்தனும் குந்தவில்லை. அடையாற்றங்கரையில் இருபது வருஷம் குடித்தனம் நடத்திய நான் இதை ஆறு என்று நம்ப வேண்டுமாம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. அவள் மனைக்குப் பக்கத்திலேயே, தண்ணீரைத் தொட்டபடி ஒரு பெரிய மனை விலைக்கு வந்திருக்கிறது. இந்த வாரம் விட்டால் விலை ஏறிவிடுமாம். அதற்கு உன் கம்மலைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் நீ கழற்றி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாயே, அந்தக் கல் கம்மல். “தேவி கல்யாணத்துக்குடி. அதுக்கு முன்ன அவளே கேட்டாலும் குடுக்காத” என்றாய். அன்றிலிருந்து அது என் காதில்தான் இருக்கிறது. பீரோவைவிட காது பத்திரம். என் கையில் கத்தி இருக்கிறது அல்லவா.

“ஏறும்னு தெரிஞ்சா அவன் இன்னாத்துக்கு விக்கிறான்?” என்று கேட்டேன். “பட்டா கீதா?” என்றேன்.

“கம்ப்யூட்டர்ல என் பேரு இருக்கும், சித்தி.”

“நம்ம பேருகூடத்தான் ரேஷன் கார்டுல இருந்திச்சி, வோட்டர் லிஸ்ட்டுல இருந்திச்சி. கோட்டூர்புரத்துல மிஷின் வந்து வூட்ட இடிச்சப்போ எவன் எடுத்துப் படிச்சான்?”

இடத்தைக் காகிதத்தில் பார்க்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது நாம் அடையாற்றங்கரையில் கற்றது. நாலு குச்சி, ஒரு நீலத் தார்ப்பாய், உள்ளே எப்போதும் ஒரு ஆள். நீயும் நானும் சேர்ந்து சினிமாவுக்குப் போனது உண்டா? ஒரே ஒரு தடவை மயிலாப்பூருக்கு அறுபத்துமூவர் பார்க்கச் சேர்ந்து போனோம். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுக்காரன் குச்சியை ரெண்டு முழம் உள்ளே நகர்த்தி நட்டிருந்தான். நீ அவன் லுங்கியைப் பிடித்த பிடியில் அவனே குச்சியைப் பிடுங்கி தன் பக்கம் மூன்று முழம் தள்ளி நட்டான்.

அதனால் தேவியிடம் சொன்னேன்: “ஒரு நாள் நான் அங்க குந்திப் பாக்கறேன். அப்புறம் கம்மலைப் பத்திப் பேசலாம்.”

அந்த ஊரில் நாம் உட்கார முடியாதாம், நமக்குப் பதிலாக ஒரு பொம்மையை நிறுத்த வேண்டுமாம். அவள் ஏற்கெனவே ஒன்று செய்து வைத்திருந்தாள், அதை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். பச்சைப் புடவை, பெரிய கொண்டை. தலைக்குமேல் பேர் எழுதியிருந்தது: அஞ்சலை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், தப்பித்தேன்.

நேற்று முழுக்க நீ விலைக்கு வந்த அந்தப் பெரிய மனையில் நின்றாய். ஒருத்தரும் வரவில்லை, அக்கா. “யாரு நீ?” என்று கேட்க ஒரு நாதி இல்லை. பக்கத்து மனைகளில் பேர்ப்பலகை இருக்கிறது, ஆள் இல்லை. ஆற்றோரத்து இடத்தில் ஒரு பகல் முழுக்கச் சண்டைக்கு ஆள் வரவில்லை என்றால், அது இன்னா இடம்?

சாயந்திரம் இதைச் சொன்னதும் தேவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“சண்டை வேணாம்னுதான் வாங்கறேன், சித்தி. எங்கம்மா ஆயுசுக்கும் அந்தக் கரையில சண்டை போட்டுக்கினே இருந்திச்சி. கடைசில மிஷின் வந்திச்சி. இங்க மிஷின் வராது.”

அவள் கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். அப்புறம் மெதுவாகக் கேட்டேன். “அந்த ஊர நடத்தறவன் ஒரு நாளு கடையக் கட்டிட்டா?”

போனைப் பார்த்தாள். “தெரியல” என்றாள்.

“அவனுக்கு மிஷின்கூட வேணாம்டி. ஒரு விரலு போதும்.”

கம்மலைக் கொடுக்கவில்லை. இன்று காலையில் என்னோடு பேசாமலே பஸ் ஏறினாள், டிபன் பாக்ஸை மட்டும் மறக்கவில்லை. நான் செய்தது சரிதானா? நீ இருந்தால் கொடுத்திருப்பாயா? முதலில் ரெண்டு அடி போட்டுவிட்டு, அப்புறம் கழற்றிக் கொடுத்திருப்பாயோ?

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். உன் படத்துக்குமுன் சொல்லப்போவதை இப்போதே எழுதிவிடுகிறேன். இந்தக் கம்மல் என் காதிலிருந்து நேராக மணவறையில் தேவியின் காதுக்குத்தான் போகும். அவள் ஏற்கெனவே வாங்கிய அந்தச் சின்ன மனைக்கு வாரம் ஒரு நாள் நானே காவல் இருப்பேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. சந்தேகம் இருப்பதால்தான் காவல்.

ஒன்று மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று மூன்று மணிக்கு வஞ்சிரம் வெட்டும்போது தண்ணீர் தெறித்து போன்மேல் விழுந்தது. நீ நடக்க ஆரம்பித்தாய். மனையைத் தாண்டி, கரையைத் தாண்டி, ஆற்றுக்குள் இறங்கிவிட்டாய். எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டையும் பேரும் மட்டும் மேலே தெரிந்தன. அதற்குள் ஒருவர் ரெண்டு கிலோ சங்கரா மீன் கொண்டுவந்தார். வெட்டப் போய்விட்டேன்.

உன் கூடப்பிறந்த காவல்காரி,
தங்கச்சி மல்லிகா