பர்வீனையே கேட்கலாம்

என் ஜரீனாவுக்கு,

கோபப்படாமல் கடைசி வரை படி. பர்வீன் வேலைக்கு வருகிறாள். அதுவும் நம் ராயபுரம் ஆபீசுக்கே, நீ உட்கார்ந்த அதே நாற்காலிக்கு.

"உனக்கு அறிவிருக்காடி வசந்தி? அவளைக் கொண்டுபோய் நாலு பேர் நடுவுல உக்கார வெச்சிருக்கியே!" இதைத்தானே கேட்பாய்? உன் தங்கையை நீ அப்படித்தான் வைத்திருந்தாய். கடையிலோ கல்யாண வீட்டிலோ யார் அவளிடம் என்ன கேட்டாலும் பதில் உன்னிடமிருந்துதான் வரும். "பேர் என்னம்மா?" என்றால்கூட அவளுக்கு முன்னால் நீ சொல்லிவிடுவாய். யாரும் அவளைப் புண்படுத்திவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன்.

நான் கூப்பிடவில்லை ஜரீனா. அவளேதான் கேட்டாள். நீ எங்களை விட்டுப் போன நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு உங்கள் திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து வந்தவள், "வசந்திக்கா, எங்கக்கா சீட்ல இப்ப யார் உக்காந்திருக்காங்க?" என்றாள்.

"யாரும் இல்லம்மா."

"அப்ப நான் வரலாமா?"

உங்கம்மா என்னைப் பார்த்தார். முப்பது வயது தாண்டிய ஒருத்தி முதல் முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்கிறாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

வேலைக்குச் சேர்ப்பதற்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "அவ அப்படித்தான், விட்டுடு" என்று நீ சொல்லி வந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆட்டிசம். உங்கம்மா உடனே, "எத்தினி நாளைக்கும்மா மாத்திரை?" என்று கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. "காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போறது இல்லம்மா இது. அவங்க உலகத்தைப் பாக்கற விதமே இப்படித்தான். அவங்களை மாத்தப் பாக்காதீங்க. சுத்தி இருக்கறதைக் கொஞ்சம் மாத்துங்க" என்றார். வெளியே வந்ததும் உங்கம்மா, "அப்ப ஜரீனா இத்தினி வருஷம் பயந்துகினே இருந்தாளே..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

முதலாளி, "கொஞ்ச நாள் பாக்கலாம். சரிப்பட்டு வரலன்னா என்னைக் குத்தம் சொல்லாதே வசந்தி" என்றார். நீ செய்த வேலையேதான். கண்டெய்னர் எண், அதன் பூட்டில் இருக்கும் சீல் எண் எல்லாம் சரியா என்று பார்த்து, பேப்பரைத் துறைமுகத்துக்கு அனுப்புவது. பெரிய மேதை என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. நம்மைப் போலத்தான், ஒழுங்காகச் செய்கிறாள், சில நாள் சொதப்புகிறாள்.

வம்பு வேலையில் வரவில்லை, சாப்பாட்டில் வந்தது. நம் ஆபீசில் பின்பக்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் குழம்பில் இன்னொருத்தர் கை வைக்காமல் மதியம் போகாது, உனக்குத் தெரியும். பர்வீனோ தன் சீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவள். உனக்குப் பிறகு சேர்ந்த செல்வி, வியாசர்பாடிப் பெண், ஒரு நாள் ஆசையாகக் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். பர்வீன் டப்பாவை மூடினாள். "வேணாம். போடாதீங்க."

"இன்னாம்மா, வெசமா வெச்சி எட்த்துகினு வந்துகீறேன்?" என்றாள் செல்வி. சிரித்தபடிதான் கேட்டாள். ஆனால் கை கழுவும் இடத்தில் என்னிடம், "நான் பாக்காததா அக்கா? எந்த ஏரியான்னு கேப்பாங்க. வியாசர்பாடின்னா போதும், நான் சோத்த நீட்டற அன்னிக்கினு பாத்து எல்லாருக்கும் வவுத்து வலி வந்துடும். இந்தப் பொண்ணுமா?" என்றபோது கண் கலங்கியிருந்தது.

நான் பதறிப்போய் விளக்க ஆரம்பித்தேன். உன்னைப் போலவேதான். செல்வி கையை ஆட்டித் தடுத்துவிட்டாள். "நீ இன்னாத்துக்குச் சொல்ற? அவளுக்கு வாய் இல்லியா?" என்று நேராகப் போய், "ஏம்மா எங்கூட்டுக் கொழம்ப வேணான்ன?" என்று கேட்டாள்.

பர்வீன் யோசித்துவிட்டு, "சோத்துல குழம்பு கலந்தா வாய்க்குள்ள கொழகொழன்னு இருக்கும். வாந்தி வரும். எங்கம்மா குழம்பும் சாப்பிட மாட்டேன். அந்த வாசனையும் எனக்குப் பிடிக்கல. உங்களைப் பிடிக்கும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செல்வி சிரித்தாள் பாரு, மேசையைப் பிடித்துக்கொண்டு! "எப்பா, பொய் சொல்லாம என்னாண்ட வேணாம்னு சொன்ன மொத ஆளு இவதான்கா!"

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த மேசையில் சோறு மட்டுமா பரிமாறுவோம்? பாதி வேலையும் அங்கேதானே சொல்லிக்கொள்வோம்? ஒரு மதியம் முதலாளி போனில் கூப்பிட்டு, ஒரு பார்ட்டியின் பேப்பரை இன்று அனுப்ப வேண்டாம் என்று செல்வியிடம் சொன்னார். அவள் சாப்பிட்டுக்கொண்டே எல்லோருக்கும் சொன்னாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பர்வீன் மாலையில் அதை அனுப்பிவிட்டாள். திருத்தம் கேட்டு முதலாளி மறுநாள் முழுக்கத் துறைமுகத்தில் அலைந்தார். திரும்பி வந்தவர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். "இவ போதும் வசந்தி. வூட்டுக்கு அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு அவளிடம், "ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்ல? ஏன் அனுப்பின?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். பர்வீன் என் பக்கம் திரும்பாமலேயே, "அக்கா, என்னைத்தான் கேக்கறாரு" என்றாள். பிறகு அவரிடம், "எங்கிட்ட யாரும் சொல்லல சார். சாப்பாட்டு மேசைகிட்ட சொன்னாங்க. நான் அங்க இல்ல" என்றாள். விரல்களை நெரித்துக்கொண்டாள். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

செல்வி, "ஆமா சார். சோறு துன்ற எடத்துல வேலயச் சொன்னது நானு. திட்டறதா இருந்தா என்னத் திட்டு" என்றாள்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "வாய் நெறைய சோத்த வெச்சிகினு நீ சொன்னா எனக்கே பாதிதான் வெளங்கும்" என்றார். வீட்டுக்கு அனுப்பும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

இப்போது எந்த வேலையாக இருந்தாலும் ஆபீஸ் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும், மேசையில் சொன்னால் செல்லாது. பர்வீனுக்காகப் போட்ட ஏற்பாடு, நன்மை எனக்கு. கேட்டதையெல்லாம் மறந்துவிட்டு யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்தானே? சாப்பாட்டு நேரமும் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. செல்வி சீரியல் கதை சொல்கிறாள்.

பர்வீன் மேசைக்கு வர ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்காதே. வரவில்லை. சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறாள், அவளுக்கு அதுதான் நிம்மதி. கெட்ட நாளும் உண்டு. பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்ட ஒரு காலையில் டோல்கேட் ஸ்டாப்பில் இறங்கி, காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். நான் போய்க் கூட்டிவந்தேன். ஆபீசில் அடையாள அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கயிறு கழுத்தில் உரசுகிறதாம், பையில் வைத்திருக்கிறாள். முதலாளி அதற்கும் சரி என்றுவிட்டார்.

உன் போனைத் தினமும் சார்ஜ் போடுகிறாள். நீ போன அன்று அவள் அழவில்லை என்று பேசிய சொந்தக்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?

போன வாரம் உங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கப்புறம் இவளை நீதான் பாத்துக்கணும் வசந்தி" என்றார். "அதையும் பர்வீன்கிட்டயே கேட்டுடலாம்மா" என்றேன். கேட்டோம். துணி மடித்துக்கொண்டிருந்தவள், கையிலிருந்ததை மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"பாத்துக்க வேணாம். பக்கத்துல இருந்தா போதும்."

இருப்பேன் ஜரீனா. அவளுக்கு முன்னால் போய் நிற்காமல், பக்கத்தில் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தோழி,
பர்வீனுக்கு இன்னொரு அக்கா,
வசந்தி