மீட்டர் காட்டிய ஜீரோ

ஐப்பசி, செவ்வாய் இரவு

அந்த ஜீரோவை என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் லேபில் உள்ள கரிமப் படிகம் கடுகை விடச் சிறியது. சும்மா குளிர வைத்தால் மின்சாரத்தை விடாது. செல் என்கிற சின்ன உலோகக் கூட்டுக்குள் எண்ணெயில் வைத்து, மரையை இறுக்கி, அழுத்தத்தோடு குளிர வைத்தால் தடையே இல்லாமல் விட வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம்.

இன்று மரையை இறுக்கியவன் என் ஜூனியர் சகாயம். சாயங்காலம் மீட்டர் ஜீரோவுக்கு வந்ததும் துள்ளினான்.

"அக்கா, விழுந்துருச்சு! சார்ட்ட சொல்லிரவா?"

"செத்த நேரம் பொறு. சூடேறும்போது தடை திரும்பி வருதான்னு பாத்துட்டுச் சொல்லுவோம்."

"ஜீரோன்னா ஜீரோதானக்கா, இதுல என்னத்தப் பாக்க?" என்றபடி மீட்டரை அணைத்துவிட்டான். உடனே எங்கள் கைடு சாருக்குப் போன் போட்டான். அவரும் போனிலேயே கட்டுரைக்குத் தலைப்பு சொல்லிவிட்டார்.

நிஜமாக இருந்தால் தடை குளிரக் குளிரப் படிப்படியாக இறங்கி, கடைசியில்தான் ஜீரோவுக்குச் சரிந்திருக்கும். இது சுவிட்சைத் தட்டியது போல ஒரே அடியாக விழுந்தது. செல்லுக்குள் முடியளவு தங்கக் கம்பிகள் இருக்கின்றன. அழுத்தத்தில் இரண்டு வளைந்து ஒட்டிக்கொண்டாலும் இதே ஜீரோதான் வரும். அது அவனுக்கும் தெரியும்.

காலையில் முதல் ஆளாகப் போய் மரையைத் தளர்த்திப் பார்க்க நினைத்தேன். அழுத்தம் போன பிறகும் ஜீரோ நின்றால் குற்றம் கம்பியில். ஆனால் லேபைப் பூட்டும்போது மேசையில் மரையைத் திருகும் ஸ்பேனரைக் காணோம். வடமதுரை பஸ்ஸில் ஏறியதும் அவனுக்குப் போன் போட்டேன்.

"எம் பைல கெடக்குக்கா," என்றான்.

தினமும் டிபன் பாக்ஸையே லேபில் மறந்துவிட்டுப் போகிறவன்.