சாம்பிராணி புகாத பெட்டி

டேய், உன் பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டை ஞாயிற்றுக்கிழமை கழற்றினேன். குப்பென்று சாம்பிராணி வாசம் முகத்தில் அடித்தது. வெறும் தூசி என்றால் ஊதினால் பறந்துவிடும். இது பறக்கவில்லை. ஃபேன் இறக்கைகளில் கறுப்புப் பிசினாக அப்பிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். உன் மனைவி கலா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ரொம்ப மோசமா?" என்றாள். "அழுக்குதான்மா" என்றேன்.

அவளுக்கு அந்தப் பெட்டிதான் சோறு. ஃபேக்டரி லீவு நாட்களில் நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு ஓடினாய். எடுத்ததை வெட்டி ஒட்டி முடித்துக் கொடுத்தது அவள். இப்போது மற்றவர்கள் எடுத்த படங்களை வாங்கி அதே வேலையைச் செய்கிறாள். பெட்டியோ மேடு ஏறும் லாரி மாதிரி இரைந்துவிட்டுப் பாதியில் அணைந்துபோய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு கல்யாணப் படம் சொன்ன நாளில் முடியவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால், வேலை கொடுப்பவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அவள் அழவில்லை.

புதுப் பெட்டிக்கு நீயும் நானும் பொறுக்கிய சாமான்கள் அலமாரி மேல் அப்படியே இருந்தன. நம் ஊர் உலு திராமிலிருந்து வேலைக்கு என் பைக்கில் நீ பின்னால் உட்காரக் கிளம்பி, எல்லை தாண்டும் சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்க நாம் பேசியதெல்லாம் இதைப் பற்றித்தான். "நாள் முழுக்க ஃபேக்டரியில மெஷின் கத்துது. வீட்டுல ஒரு மெஷினாவது வாய மூடிக்கிட்டு வேல செய்யட்டும்டா" என்பாய். ஆனால் வேலை நின்றுவிடவும் கூடாது உனக்கு. அதனால் இருப்பதிலேயே பெரிய புரோசசரை விட்டுவிட்டோம், அது கொதிக்கும் என்று. அதற்கு ஒரு படி கீழே உள்ளதை எடுத்து, அதன் தலையில் சூட்டை இறக்க, செங்கல் பருமனுக்கு ஒரு கூலர். ஃபேன்கள் எல்லாம் பெரியவை. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்று வரும் என்று நான் சொன்னதை உடனே ஒத்துக்கொண்டாய். நீ ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் அடக்கும் வெளிக்கூடு, அந்தக் கேசிங்கில் வந்து முட்டிக்கொண்டோம். முன்பக்கம் முழுக்க வலை வைத்தது வேண்டும் என்றேன் நான். நம் ஊர் வெயிலில், ஏர்கான் இல்லாத ஹாலில், மூடிய பெட்டி வெந்துபோகும். வெந்தால் ஃபேன் வேகமெடுத்துச் சத்தம் போடும். உனக்கோ சத்தம் அடங்க உள்ளே பஞ்சு ஒட்டி நாலு பக்கமும் மூடியதுதான் வேண்டும். தம்போய் சாப்பாட்டுக் கடையில் பால் ஊற்றாத தே ஓ ஆறிப்போகிற வரைக்கும் வாதாடினோம்.

"வலைய வச்சா வெள்ளிக்கிழம சாம்பிராணிப் புகையெல்லாம் உள்ள போயிடும் லா. அவ சாமிக்குக் காட்டிட்டு நேரா கம்ப்யூட்டருக்குத்தான் வருவா. தொழில் செய்யிற சாமானாம்."

"வேணாம்னு சொல்லேன்டா."

"நீ வந்து சொல்லு. எனக்கு வீட்டுல சோறு வேணும்."

அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்தோம். அந்த வாரமே வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான் உன் கதை.

போன சனிக்கிழமை கடையில் இரண்டு கேசிங்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நீ போன நாளிலிருந்து கலா சாம்பிராணி போடுவதில்லை. புகையே இல்லாத வீட்டில் நான் சொன்னதுதான் சரி. வலை வைத்ததைத் தூக்கிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா? சண்டைக்கு வர நீ இல்லை என்றதும் சலிப்பாக இருந்தது. கீழே வைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். கேட்கவும் கூச்சமாக இருந்தது.

"இனிமே வீட்டுல சாம்பிராணி போடுவீங்களாம்மா?"

"ஏன்ணே?"

நம் சண்டையைச் சொன்னேன். மறுபக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு. நீ போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துக் கேட்டேன். "வருஷம் திரும்பட்டும்ணே. போடுவேன். அவர் கேட்டதையே வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நீ கேட்டதையே வாங்கினேன், போ.

ஞாயிறு முழுக்கக் குனிந்து உட்கார்ந்து மாட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. முடித்துப் பொத்தானை அழுத்தியதும் திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை. கலா பெட்டியருகே காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுதாண்ணே?" என்றாள். பின்பக்கம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நான் ஸ்குரூக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டு முடிக்கும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

பெரிய கல்யாணப் படம் ஒன்றை ஏற்றினால் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. நான்தான் அன்றைக்கே சொன்னேனே.

பழைய ஃபேனைத் துடைத்த கையைச் சோப்புப் போட்டு மூன்று நாளாகக் கழுவுகிறேன். நகக்கண்ணில் பிசின் இன்னும் போகவில்லை, வாசமும் போகவில்லை. பாலத்து நெரிசலில் பைக் நிற்கும்போது அந்த வாசம் ஹெல்மெட்டுக்குள் வருகிறது. உனக்குப் பதில் சொல்ல வாயெடுக்கிறேன்டா. பின் சீட்டில் ஆள் இல்லை.