அக்கா, உன் மகளின் ரிப்போர்ட் வந்துவிட்டது

என்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு,

பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் நாளெல்லாம் நின்றே வேலை பார்த்தவள் நீ. வயிறு உப்பியது, அடிக்கடி கழிச்சல், உடம்பு கரைந்துகொண்டே வந்தது. அல்சர் என்றார்கள், ரத்தம் குறைவு என்றார்கள். "சோத்தக் கொறச்சுட்டு சப்பாத்தி சாப்புடுங்க, தெம்பு வரும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பினாய். இன்னும் மெலிந்தாய்.

கோயம்புத்தூர் டாக்டர்தான் சீலியாக் என்று கண்டுபிடித்தார். கோதுமையில் இருக்கும் ஒரு சத்து உன் குடலைப் புண்ணாக்குகிறது என்றார். "கோதுமையாலயுங்களா? நாங்க சோறு திங்கிற சனமுங்களே" என்று நீ கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

அதன்பிறகு பரோட்டா, பிஸ்கட் எல்லாம் விட்டாய். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்று தெரிந்ததும் ரசத்துக்கு அதையும் போடவில்லை. ஆனாலும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு ஏறிக்கொண்டே போனது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "கோதுமைய விட்டும் ஏறிட்டே போகுது. குடல்ல வேற ஏதோ இருக்கும்போலத் தெரியுதுங்க." பிறகு பரிசோதித்ததில் அது புற்றுநோயாக இருந்தது.

டாக்டர் என்னை அழைத்துப் பேசிய அன்று, திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாய்: "ஒரு பிஸ்கட்டக்கூடத் தொடலியே கண்ணு, அப்பறம் ஏன் ஏறுது?"

சீலியாக் குடும்ப வழியாக வரக்கூடியது, கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்குப் பார்த்தார்கள், நோய் இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தோம், உனக்கு மட்டும் ஏன் அக்கா? உன் மகள் திவ்யா வரவே மாட்டேன் என்றாள். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த துக்கத்தில் ஆஸ்பத்திரி வாசலையே வெறுத்திருந்தாள். ஆபீசில் ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் என்னோடு வந்தாள். அவளுக்கும் அதே சீலியாக். குடலில் புண் இப்போதுதான் ஆரம்பம் என்றார்கள்.

கோதுமையை அன்றே விட்டாள். கம்பெனி விருந்துகளில்கூட வீட்டிலிருந்து கொண்டுபோன சோற்றைத்தான் சாப்பிடுகிறாள். போன வாரம் புது ரிப்போர்ட் வாங்கினோம். ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் நன்றாகக் குறைந்திருக்கிறது. அழற்சியும் இல்லை. லேப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"நல்லாத்தானே வந்திருக்குது, எதுக்கு கண்ணு அழுவறே?"

"அம்மாளுக்கு ஒரு தடவையாவது இப்படி வந்திருக்கலாமுங்க மாமா."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இனி ஆயுசுக்கும் இந்தப் பரிசோதனை உண்டாம். எந்த ரிப்போர்ட்டையும் அவளைத் தனியாகப் பிரிக்க விடமாட்டேன், அக்கா.

உன் தம்பி,
திவ்யாவுக்குத் தாய்மாமன்