இருமலுக்கு ஒரு கை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம், உங்கள் உடம்பு இப்போது தேவலையா?

நான் பார்த்துக்கொள்ளும் லாரிக்காரருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து தானாக இரும வலுவில்லை. அவர் மூச்சை இழுத்துக் கண்ணைச் சிமிட்டியதும், விலாவுக்குக் கீழே கை வைத்து நான் அழுத்தினால்தான் சளி வெளியே வரும். நேற்று அவருக்கு அடைத்துக்கொண்டதும் பதறிப்போய், சிமிட்டுவதற்கு முன்பே அழுத்திவிட்டேன். பயப்படாதீர்கள், அடுத்த தடவை சரியாக வந்துவிட்டது. மூச்சு திரும்பியதும், "இருமப்போறது நான், உனக்கென்னம்மா அவ்வளவு அவசரம்?" என்று சிரித்தார்.

என் தலையணை உறை கிழிந்துவிட்டது. உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், தைத்துக்கொள்கிறேன். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

அவர் கூப்பிடுகிறார். போனில் பேசும்போது இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளாதீர்கள், அப்பா. நன்றாக இருமுங்கள். அங்கே என் கை எட்டாது. இருமல் என் காதுக்காவது எட்டட்டும்.

உங்கள் மகள்