நிறம் போட்டவள்

தோழிக்கு,

உன் விண்வெளிப் படக் கண்காட்சியின் அழைப்பிதழ் கிடைத்தது. நல்ல தாள். முன்பக்கத்தில் 'கலைஞர்' என்று உன் பெயர். பின்பக்கத்து மூலையில், பொடி எழுத்தில், 'தொழில்நுட்ப உதவி: காவலூர் நண்பர்கள்'. இந்த மலையில் உனக்கு நான் ஒருத்திதானே இருக்கிறேன்?

எங்கள் வானாய்வக விடுதியில் சமைக்கும் பச்சையம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா மேடம், கண்ணு எரிய எரிய ஒக்காந்து செஞ்சீங்க, உங்க பேரக் காணோமே?"

நான் அழைப்பிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"வுடுங்க. நானுந்தான் எத்தினி கல்யாணத்துக்கு ஆக்கிப் போட்ருக்கேன். எந்தப் பத்திரிகையில எம் பேரப் போட்டாங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் கேட்டபோது, "அதெல்லாம் கம்ப்யூட்டர் செய்யறதுதானே?" என்றாய். தொலைநோக்கியின் கேமராவுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு ஒளி வடிகட்டியாக மாற்றி எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் கையில் கிடைக்கும். எதற்குச் சிவப்பு, எதற்கு நீலம், அது எந்த இடத்தில் மங்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து முடிவு செய்தவள் நான். நீ அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினாய். அதுவும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்கு வர முடியாது. இங்கே வேலை இருக்கிறது.

பெங்களூர்க் கண்காட்சிக்குப் புதிய படம் கேட்டிருந்தாய். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மூன்று கோப்புகள், கேமராவிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. நிறத்தை நீயே போட்டுக்கொள்.

இப்படிக்கு,
கல்லூரியில் உன் அறையில் இருந்தவள்