கட்டியவரே இடிக்க வந்த அறை

அனுப்புநர்:
மே. மேரிராணி,
க/பெ எட்சன்,
செபஸ்தியார் தெரு, ஓசூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: அனுமதி பெறாமல் அறை கட்டித் தந்த ஒப்பந்ததாரரே அதை இடிக்க வந்தது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் எட்சன் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் கூரை வேலையின்போது விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். எங்கள் படுக்கையறை மாடியில் உள்ளது. அவரால் ஏற முடியாது. எனவே கீழே பக்கவாட்டில் ஓர் அறையும் குளியலறையும் கட்ட ஒப்பந்ததாரர் சம்பங்கியை அமர்த்தினோம்.

2. பக்கத்தில் காலியிடம் விட வேண்டாமா என்று கேட்டேன். "அப்ரூவலெல்லாம் நான் பாத்துக்கறேங்க மேடம். இந்தத் தெருவுல யாருங்க இடம் விட்டுக் கட்டியிருக்காங்க?" என்றார். நம்பினேன். அவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது மாநகராட்சியின் இடிப்பு அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது.

3. புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டு ராமப்பன். எங்கள் சுவர் அவர் வீட்டு ஜன்னலை மறைத்துவிட்டது. அவர் கேட்டது நியாயமே. அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

4. கடந்த வியாழக்கிழமை ஜேசிபியுடன் வந்து இறங்கியவர் அதே சம்பங்கி. மாநகராட்சியிடம் இடிப்பு வேலையையும் அவரே ஒப்பந்தம் எடுத்திருந்தார். என் கணவரை நகர்த்த அழைத்திருந்த ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்கும்படி கேட்டேன். "வண்டி சும்மா நிக்குதுங்க, கட்டில வெளிய தள்ளுங்க" என்றார். தூறலில் கட்டிலோடு என் கணவரைத் தெருவில் வைத்தார்கள். குடை பிடித்து நின்றவர் ராமப்பன்தான். மற்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

5. "இது நீ கட்டுனதுதானே சம்பங்கி?" என்று என் கணவர் கேட்டார். "சட்டவிரோதக் கட்டடம் சார், இப்படிக் கட்டலாமா?" என்று சிரித்தபடியே அவர் இயந்திரத்துக்குக் கைகாட்டினார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள்.

6. அன்றிலிருந்து என் கணவர் யாரிடமும் பேசுவதில்லை. கூடத்தில் சேலையைக் கட்டி மறைத்து அவரைக் குளிப்பாட்டுகிறேன். அப்போது கண்களை மூடிக்கொள்கிறார்.

விதிமீறலை நான் மறுக்கவில்லை, அறையைத் திரும்பவும் கேட்கவில்லை. எங்களை ஏமாற்றிய சம்பங்கிமீது வழக்குப் பதிய வேண்டும். இனி அரசுப் பணி எதுவும் அவருக்குத் தரக்கூடாது. குளியலறைச் சுவர் இன்னும் பாதி நிற்கிறது. திங்களன்று வந்து முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிக்கட்டும். அதற்கு அவரை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று தங்கள் கருணையை நாடி வேண்டுகிறேன்.

இடம்: ஓசூர்
நாள்: 12.07.2025

தங்கள் உண்மையுள்ள,
மே. மேரிராணி